நலன்விரும்பி தடுமாறத் தொடங்கியபோது

நாங்கள் உருவாக்கிய வில்லனை வாசகர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதில்தான் எனக்கு நிம்மதி போனது.

நாங்கள் என்றால் இரண்டு பேர். கதையும் வசனமும் என்னுடையவை, படங்கள் என் தோழியுடையவை. நான் புக்கிட் பாத்தோக்கில் அம்மாவுடன் இருக்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது பிழைப்பு. தோழி திருச்சிக்காரி, என்னைவிடப் பல வயது இளையவள். கட்டட நிறுவனம் ஒன்றில் கணினியில் வரைபடம் போடும் வேலைக்காக சிங்கப்பூர் வந்தவள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி அறையொன்றை வேறு பெண்களோடு பங்கிட்டுக்கொண்டிருக்கிறாள். நூலகத்தில் நடந்த ஒரு பட்டறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் காமிக்ஸ். வாரம் ஓர் அத்தியாயம், கைப்பேசியில் படிக்கிற மாதிரி. இங்கேயும் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலுமாகக் கொஞ்சம் வாசகர்கள் சேர்ந்திருந்தார்கள்.

கதை இதுதான். ஒரு நகரம். அடுக்குமாடி வீடுகள். அங்கே சிலருக்கு மட்டும் விசித்திர சக்திகள் வந்துவிடுகின்றன. ஒருத்தி தொட்டால் மின்தூக்கி இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடும். ஒருவருக்குச் சுவருக்கு அப்பால் பேசுவது கேட்கும். ஒருவனுடைய உள்ளங்கை சூட்டில் தண்ணீர் கொதிக்கும். உலகத்தைக் காப்பாற்றுகிற சக்திகள் எதுவும் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கம் பயப்படுகிறது. அந்தப் பயத்தை ஊட்டி வளர்ப்பவர்தான் எங்கள் வில்லன். அவருக்கு நான் வைத்த பெயர் நலன்விரும்பி.

நலன்விரும்பி கத்த மாட்டார். யாரையும் அடிக்க மாட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். "அவங்க நல்லவங்கதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நாலு பேரு கூடுற இடத்துல அவங்களுக்கே சங்கடம். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவ்வளவுதான். கேட்ட குடும்பம் தலையாட்டும். சக்தி உள்ளவன் தானாகவே ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் கிராஞ்சி பக்கம் போய்விடுவான். அங்கே செடிப் பண்ணைகளுக்கு நடுவில், பேருந்து எப்போதாவது வருகிற ஓர் இடத்தில், ஒதுக்கப்பட்டவர்களெல்லாம் சேர்ந்து வாழ்கிறார்கள். வேலி இல்லை, காவல் இல்லை. ஆனாலும் யாரும் திரும்பி வருவதில்லை.

வாசகர்கள் அவர் பக்கம் சாயத் தொடங்கினார்கள். "அவர் சொல்றதுல என்ன தப்பு?" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே நிறைய இதயங்கள். வேலைக்கு நடுவில், ரயிலில், சந்தையில் மீன்காரரிடம் நிற்கும்போது என்று எந்நேரமும் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புதிதாக யார் அவரை ஆதரிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலைகளில் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தைப் பேசுவோம். அன்றைக்கு அவள் தோசையைத் தொடவேயில்லை.

"அக்கா, இந்த ஆளு எங்க தோக்குறாரு?"

"தோப்பார். கொஞ்சம் பொறு."

"பொறுத்துட்டேதான் இருக்கேன். வாராவாரம் ஜெயிக்கிறாரு. யாரு எதிர்த்துப் பேசினாலும் 'உங்க கோவம் நியாயம்தான்'னு சொல்லிட்டு இன்னும் ஒரு படி மேல ஏறிடுறாரு. நீங்க எழுதுறதுதானே? உங்களாலயே அவரை மடக்க முடியலையா?"

பால் சேர்க்காத தேநீரை, தே ஓவை, கலக்கிக்கொண்டே இருந்தேன். அதில் சர்க்கரையே போடவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அங்கிருந்து கிளம்பியும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. பஃபலோ ரோடு பூக்கடைகளைத் தாண்டி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு நடை நடந்து, திரும்பவும் சந்தைக்கே வந்து நின்றேன்.

வில்லனை அடையாளம் கண்டவர் அம்மா. சாப்பாட்டு மேசையில் பயற்றங்காயை நறுக்கியபடி, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கத்தியைக் கீழே வைத்தார்.

"இது அண்ணன் பேச்சுல்ல?"

"எந்த அண்ணன்?"

"உங்க மாமாதான். அப்படியே பேசுறான் இவன்."

அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி நானும் அந்த வசனத்தைப் படித்தேன்.

மாமா அம்மாவின் அண்ணன். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா இறந்தபோது ஓடி ஓடி எல்லாம் செய்தவர் அவர்தான். என்னைப் படிக்கவைக்க எங்கெங்கோ பேசியவரும் அவர்தான். அதனால் அவர் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் எடை அதிகம். அந்த எடை முழுதும் என் தம்பி மேல் இறங்கியது.

தம்பிக்குப் பள்ளி முடிக்கிற வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. மருந்தில் பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, எப்போது என்று சொல்ல முடியாமல் வந்து போகும். முதலில் ஒரு சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தின்போது மாமா சொன்னார்: "கூட்டம், மேளச் சத்தம், வெளிச்சம். பையனுக்கு ஆகாது. வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்." கேட்பதற்குக் கரிசனமாகத்தான் இருந்தது. அடுத்து ஒரு காதுகுத்து. அடுத்து ஒரு புதுமனை விழா. பிறகு யாரும் சொல்லாமலேயே அழைப்பில் அவன் பெயர் இல்லாமல் போனது. நான் மாமாவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் சண்டைக்கே வர மாட்டார். "நீ கோவப்படுறது சரிதான்மா. அக்கான்னா அப்படித்தான் இருக்கணும்" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

தம்பி ஒரு நாள் பூன் லேயில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை தேடிக்கொண்டான். கூட வேலை பார்க்கும் ஒரு மலாய் நண்பனோடு அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டான். உறவினர் கேட்டால் மாமா என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்பது ரயிலில் சந்தித்த ஓர் அத்தை மூலம்தான் அவனுக்கே தெரிந்தது. அன்று எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, நான் ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்கேனாம். அங்க இப்ப குளிரா, வெயிலா? யாராச்சும் கேட்டா சொல்லணும்ல."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் நலன்விரும்பியின் வசனத்தை எழுதும்போது மாமா நினைவில் வந்ததேயில்லை. காதில் யாரோ சொல்லச் சொல்ல எழுதுவதுபோல ஓடும். நல்ல வில்லன் அமைந்துவிட்டான் என்று பெருமைப்பட்டிருந்தேன். அம்மா சொன்ன பிறகு பழைய அத்தியாயங்களைத் திருப்பிப் பார்த்தேன். 'நாலு பேரு கூடுற இடம்' கூட அவருடையதுதான்.

அதன் பிறகு வீட்டில் இருவருக்குமே இருப்புக் கொள்ளவில்லை. அம்மா மடித்து வைத்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தார். வாங்க ஒன்றுமில்லாமலேயே கீழே கடைக்குப் போய்வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் புது அத்தியாயம் வந்ததும் முதலில் படிப்பவர் அவராகிவிட்டார். படித்துவிட்டு, "இன்னும் அவன் சொல்றதையேதான் கேக்குறாங்களா?" என்பார், ஏதோ நான் செய்தி வாசிப்பவள் மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்திருந்தான். மீன் குழம்பு. அவன் பாதி சாப்பாட்டில் இருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் கையில் குழம்புக் கரண்டி இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாப்பாவுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கோம்மா. தேக்கா பக்கம் மண்டபம். நீங்க ரெண்டு பேரும் காலையிலயே வந்துடுங்க." பாப்பா என்று அவர் சொன்னது தன் மகளை. கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "தம்பி விஷயம்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புதுசு. அவங்க ஒண்ணு கேக்க, நாம ஒண்ணு சொல்ல, கடைசியில பையன் மனசுதான் கஷ்டப்படும். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தம்பி தட்டைப் பார்த்தபடி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் அம்மா பேசினார். குரலில் கோபம் இல்லை.

"அண்ணே, இத நீங்க அவன்கிட்டயே சொல்லிருங்க. இங்கதான் சாப்பிட்டுட்டு இருக்கான்."

கைப்பேசியைத் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"என்னடா, நல்லா இருக்கியா?" என்றார் மாமா கடைசியில்.

"நல்லா இருக்கேன் மாமா."

"வேலையெல்லாம்?"

"போகுது மாமா."

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன்."

யாரோ பின்னால் தொலைக்காட்சியைக் குறைப்பது கேட்டது. "சரி. அடுத்த மாசம் நிச்சயம். வந்துடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். "இப்ப நான் போகணுமா? எனக்கு மண்டபச் சாப்பாடே பிடிக்காது லா."

அம்மா அடுப்பங்கரைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் அப்போது இல்லை. கையைத் தண்ணீரில் காட்டியபடி நின்றார்.

அடுத்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். நலன்விரும்பி நான்காவது மாடியில் ஒரு கதவைத் தட்டுகிறார். மின்தூக்கியை நிறுத்துகிறவளின் தாய் கதவைத் திறக்கிறாள். அவர் வழக்கமானதைச் சொல்கிறார். அவள் கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டு, "இவ முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்க" என்கிறாள். அதற்கு அவர் சமாளித்துச் சொல்கிற வசனத்தை மூன்று விதமாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

தோழி படித்துவிட்டு மூன்றையும் அடித்தாள்.

"எதுவும் வேணாம்க்கா. ஒரு பக்கம் முழுக்க அவர் முகம். வாய் தொறந்திருக்கு. வசன பலூன் இருக்கு, உள்ள ஒரு எழுத்தும் இல்ல."

"புரியுமா?"

"உங்களுக்குப் புரியுதுல்ல?" என்றாள். பிறகு, "இத எங்கிருந்து புடிச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் வீட்டுக் கதையை அவளிடம் அதுவரை பேசியதில்லை. அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "அப்ப இத்தனை மாசமா உங்க மாமாவையா வரைஞ்சிட்டு இருந்தேன்?" என்றாள். கொஞ்சம் கோபம் இருந்தது அதில். நியாயமான கோபம்தான்.

அத்தியாயம் வெளியான அன்று, எழுத்து விடுபட்டிருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று முதலில் சிலர் எழுதினார்கள். பிறகு ஒரு பெண், தன் அக்காவைப் பற்றி நீளமாக ஏதோ எழுதிவிட்டு, சற்று நேரத்தில் அழித்துவிட்டாள். நலன்விரும்பியின் ஆதரவாளர்கள் அடங்கவில்லை. ஆனால் இப்போது அவர்களோடு சண்டை போட ஆட்கள் இருந்தார்கள். முன்பு இருந்ததில்லை.

நிச்சயதார்த்தத்துக்குத் தம்பி வந்தான். முன் வாரம் முழுக்க வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அன்று காலை நீலச் சட்டையோடு மண்டப வாசலில் நின்றான். தொழிற்சாலையில் முந்தைய நாள் ராத்திரி வேலை. சரியாகத் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு உட்காரவே முடியவில்லை. விளக்கு மினுங்குகிறதா, மேளக்காரர் எங்கே உட்கார்கிறார், இவன் தண்ணீர் குடித்தானா என்று கண் அலைந்துகொண்டே இருந்தது. மேளம் வாசித்தார்கள். தட்டு மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. ரயிலில் பார்த்த அந்த அத்தை, "பெர்த்லேர்ந்து எப்ப வந்தே?" என்று கேட்டார். "காலையிலதான் அத்தை, பஸ்ல" என்றான்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில்தான் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவன் கண் ஒரு பக்கமாக நிலைப்பதைப் பார்த்ததும் தோளைப் பிடித்து மெல்லத் தரையில் இறக்கினேன். அம்மா ஓடிவந்து சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். "இரும்பு குடுங்க, கையில இரும்பு குடுங்க" என்று யாரோ சொன்னார்கள். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் கார் சாவி. அவருடைய புதுக் காரின் சாவி முழுக்கப் பிளாஸ்டிக். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "இதுல இரும்பு இருக்காம்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஒண்ணும் வேணாண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

சில நிமிடங்களில் அடங்கியது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். மூச்சு சீராகி, உறங்குவதுபோல ஆனான். கீழே விழுந்த அவன் கண்ணாடியை எடுத்து மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இவ்வளவுதானா?" என்றார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பாத்ததில்லையா?"

மாமா தலையை அசைத்தார். இத்தனை ஆண்டுகளாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், அதை ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. மாமாவேகூட அதை அன்றுதான் யோசித்தார்போலிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் வந்து நின்றார். மாமா பேச வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டார். "வலிப்புங்க. ரொம்ப நாளா இருக்கு. மருந்து சாப்பிடுறான். எம் மகன்." உறவுக்கு வெளியே ஒருவரிடம் அம்மா அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் தாயார், "எந்திரிச்சதும் ஏதாச்சும் குடிக்கக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை.

அதனால் அடுத்த இரண்டு வாரங்களும் போன் அடித்தாலே எல்லோரும் ஓடினோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து என்ன வருமோ என்று. என் வேலையில் பிழைகள் விழுந்தன. ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு உப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை என்று எழுதி, சரிபார்ப்பவரிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் அவர்கள் கூப்பிட்டார்கள். முகூர்த்தப் பட்டு என்ன நிறம் என்று கேட்கத்தான். மாமா அம்மாவுக்குப் போன் செய்து, "அவங்க ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். குரலில் நிம்மதியைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. ஒன்றும் கேட்காமல் இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு உறவுக்காரப் பெண் கணவனைப் பிரிந்து வந்ததைப் பற்றி இப்போதும் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் அவர் சொன்னதற்கு உடனே தலையாட்டுகிற ஒரு சித்தி, "அவளும் வரட்டும், நான் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாராம். தம்பிக்கு மாமா ஒரு முறை தானே போன் செய்தார். "எதுனாலடா வருது? மேளமா, லைட்டா?" என்று கேட்டிருக்கிறார். "தூக்கம் கெட்டா வரும் மாமா. மேளமெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றானாம் இவன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, "மேளம் இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டாராம்.

காமிக்ஸில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வாசகர்களில் பாதிப்பேர் நலன்விரும்பியை மின்தூக்கிக்குள் அடைத்துக் கொன்றுவிடச் சொன்னார்கள். தோழிக்கும் அதில் ஆசைதான். அந்தப் பக்கத்தை வரைந்தே வைத்திருந்தாள், அழகாக. எனக்கு மனம் வரவில்லை. மூன்று சனிக்கிழமைகள் சண்டை போட்டோம். ஒரு முறை அவள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் வெளியானது இதுதான். நலன்விரும்பிக்குக் கதவுகள் முன்போலத் திறப்பதில்லை. திறந்தாலும் உள்ளே திரும்பி யாரையாவது கூப்பிடுகிறார்கள். பேச ஆளில்லாமல் போன ஒரு நாள், அவர் கிராஞ்சிக்கு முதல் முறையாகத் தானே போகிறார். பேருந்துக்கு வெயிலில் நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டுகிறது. அங்கே போய்ப் பார்த்தால், அவர் அனுப்பிவைத்தவர்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவரைத் தாக்கவில்லை. சிலருக்கு அவரை யாரென்றே தெரியவில்லை. அதே பேருந்தில் இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிப்போக வந்திருக்கின்றன. அவர் ஓரமாக நிற்கிறார்.

அதைப் படித்துவிட்டுத் தம்பி ஒரு சனிக்கிழமை தேக்காவுக்கு வந்தான். தோழியை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் குறை சொல்ல ஆரம்பித்தான்.

"ஒரு சண்டைகூட இல்லையே லா. அவ்வளவு பவர் வச்சுக்கிட்டுச் செடிக்கா தண்ணி ஊத்துவாங்க?"

"சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. நானும் அதைத்தான் மூணு வாரமா சொல்றேன்" என்றாள் அவள்.

"அந்தக் கை சுடுறவன் இருக்கான்ல. அவன் ஒரு பஸ்ஸையாச்சும் உருக்கியிருக்கணும்."

அவள் உடனே தாளை எடுத்துப் பேருந்தை வரைய ஆரம்பித்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சக்கரம் எப்படி உருகும் என்று விளக்கினான். நலன்விரும்பி அந்தப் பேருந்தில் திரும்புவாரா, அங்கேயே நிற்பாரா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அடுத்த அத்தியாயத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. இருவரும் என்னிடம் எதுவும் கேட்பதாக இல்லை. நான் எழுந்துபோய் மூன்று பேருக்கும் கோப்பி வாங்கிவந்தேன்.